கேண்டில் முடியட்டும், பிறகு படியுங்கள்

நாணய வர்த்தகம் கற்க வருபவர்கள் முதல் வாரத்திலேயே டோஜி, ஹாமர், எங்கல்ஃபிங் என்று கேண்டில் வடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். பெயர்கள் பழகப் பழகத் தாமாக வரும். ஒரு கால அளவின் விலை நகர்வைச் சார்ட்டில் காட்டும் ஒரு கேண்டில் எப்படி உருவாகிறது என்பதுதான் முதல் பாடம்.

கேண்டிலுக்குள் இருப்பவை நான்கே விலைகள்: தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே தடித்த உடல். அதற்கு வெளியே உச்சம்வரை, தாழ்வுவரை நீள்வது திரி. உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்பதைக் கேண்டில் சொல்லாது. அதை அறிய ஐந்து நிமிட சார்ட்டுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கேண்டில் முறையின் வேர் ஜப்பானிய அரிசி வணிகத்தில் இருக்கிறது. ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. மேற்குலகில் இம்முறையைப் பரப்பியது ஸ்டீவ் நிசன் 1991இல் எழுதிய புத்தகம். அரிசிச் சந்தை தினமும் திறந்து மூடும். அதன் ‘முடிவு விலை’க்குப் பொருள் இருந்தது. உலக நாணயச் சந்தையோ திங்கள் அதிகாலையில் திறந்தால் சனி அதிகாலைவரை மூடுவதில்லை. ஒரு நாளை எங்கே வெட்டுவது என்பது புரோக்கரின் சர்வர் நேரத்தைப் பொறுத்தது.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு நாள் முடிவதாகக் கொள்வது வழக்கம்; இந்திய நேரப்படி அது கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. சில தளங்கள் லண்டன் நள்ளிரவில் வெட்டும். அப்போது ஞாயிற்றுக்கிழமைக்கென்று சின்னதாக ஆறாவது கேண்டில் ஒன்று முளைக்கும். ஒரே யூரோ-டாலர், ஒரு திரையில் மேலே சின்ன உடலும் கீழே நீண்ட திரியுமாக அழகான ஹாமர். இன்னொன்றில் விலை இறங்கியதைக் காட்டும் வெறும் சிவப்புக் கட்டை. உங்கள் சார்ட்டில் வாரத்துக்கு ஐந்து தினசரிக் கேண்டில்கள்தான் வருகின்றனவா என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பொறுமை. நான்கு மணிநேரக் கேண்டில் மூன்றாவது மணியில் ஹாமர்போல நிற்கும். கடைசி மணியில் திரியெல்லாம் உடலாகிவிடும். முடியாத கேண்டிலுக்குப் பெயர் வைக்காதீர்கள். முடிந்த பிறகும் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பலமுறை விலை திரும்பிய தாழ்வில் வரும் நீண்ட திரி கவனத்துக்குரியது. நடுவழியில் வரும் அதே திரிக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வெளியான நிமிடத்தில் உருவான நீண்ட திரியாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

சார்ட்டின் எல்லை எது என்பதை அறிய 2015 ஜனவரி 15ஆம் தேதியின் யூரோ-ஃபிராங்க் சார்ட்டைத் திறந்து பாருங்கள். ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பரில் உறுதி சொல்லியிருந்தது. முந்தைய வாரங்களின் கேண்டில்கள் அந்தக் கோட்டை ஒட்டியே, சின்னஞ்சிறியவையாக, அமைதியாக நின்றன. இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்கு வங்கி அந்த உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. இழப்பைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருந்த பலருக்கு, அவர்கள் குறித்த விலைக்கு வெகு கீழேதான் ஆர்டர் நிறைவேறியது. அன்றைய தாழ்வு எது என்பதில்கூட தளத்துக்குத் தளம் வேறுபாடு உண்டு. இந்தச் சந்தைக்குப் பொதுவான ஒரே எக்ஸ்சேஞ்ச் கிடையாது.

அதனால் ஆர்டர் போடும் முன், எவ்வளவு இழக்கலாம் என்பதை ரூபாயில் எழுதி வையுங்கள். ஆறு மாதமாவது டெமோ கணக்கில், முடிந்த கேண்டில்களை மட்டும் நோட்டில் குறித்துப் பழகுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ரூபாய் சார்ந்த நாணய ஒப்பந்தங்களில் இறங்குபவருக்கு உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 மே 3 முதல் நடப்பில் உள்ளது. அனுமதியற்ற ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. பணம் கட்டுவதற்கு முன் விதி, பட்டியல் இரண்டையும் படித்துவிடுங்கள்.