லுவாண்டாவின் பெட்ரோ கழகம்

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூடைப்பந்துக் குழு மூன்றாம் ஆண்டாக இறுதியாட்டத்தில் தோற்றது. அன்றிரவு விடுதி மொட்டைமாடியில் கூடினோம். "இனிக் கூடைப்பந்து வேண்டா, கேரமும் சதுரங்கமும் போதும்" என்றார் ஒரு நண்பர். கருத்தறியக் கையுயர்த்தச் சொன்னார்கள். உயர்ந்த கைகளில் என் கையும் ஒன்று.

மறுநாள் எங்கள் விடுதியில் தங்கிப் பயிலும் அங்கோலா நாட்டு மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தம் ஊர்க் கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னார். "அதன் கதையைப் படியுங்கள், பிறகு கையைத் தூக்கலாம்" என்றார். படித்தேன். படித்ததை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடும் ஆட்டமும்

அங்கோலா, ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் அட்லாண்டிக் கடலோரம் அமைந்த நாடு. லுவாண்டா அதன் தலைநகர். போர்த்துக்கீசியர் ஆட்சியினின்று அந்நாடு 1975 நவம்பர் 11 இல் விடுதலை பெற்றது. ஆனால், விடுதலையோடு உள்நாட்டுப் போரும் வந்தது. இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் மூண்டும் 2002 வரை அது நாட்டை வாட்டியது. அத்தகைய நாட்டில் பந்து விளையாட யாருக்கு மனம் வரும் என்று நாம் கேட்கலாம். வந்தது! 1989 முதல் 2013 வரை பதினொரு முறை ஆப்பிரிக்கக் கண்டத்தின் கூடைப்பந்துக் கோப்பையை அங்கோலா வென்றது.

1992 இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் புகழ்பெற்ற 'கனவுக் குழு' அங்கோலாவை 116–48 என்ற கணக்கில் வீழ்த்தியது. உலகம் இன்றும் அதைத்தான் பேசுகிறது. அதே ஒலிம்பிக்கில், விருந்தளித்த ஸ்பெயினை அதன் மண்ணிலேயே அங்கோலா 83–63 என்று வென்றதைப் பேசுவோர் சிலரே. தோல்வியை நினைவில் வைப்பதில் உலகத்திற்கு உள்ள ஆர்வம் பெரிது. அதைப் பொருட்படுத்தாத நெஞ்சமே ஆட்டக்காரனுக்கு வேண்டும்.

ஒரே நகரில் இரு கழகங்கள்

இந்த ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தனர்? பெரும்பாலும் லுவாண்டாவின் இரண்டு கழகங்களிலிருந்து. ஒன்று, 1977 இல் பிறந்த 'பிரிமெய்ரோ டி அகோஸ்டோ'. 'ஆகஸ்டு முதல் நாள்' என்பது அதன் பொருள். அது படையினரின் கழகம். மற்றொன்று, 1980 இல் தோன்றிய 'அத்லெட்டிகோ பெட்ரோலியோஸ் டி லுவாண்டா'. சுருக்கமாகப் பெட்ரோ என்பார்கள். நாட்டின் அரசு எண்ணெய் நிறுவனமாகிய சோனங்கோலின் ஆதரவில் வளர்ந்ததால் பெயரிலேயே எண்ணெய் மணக்கிறது. இரண்டும் கால்பந்திலும் பெயர் பெற்றவை; இரண்டும் தீராப் போட்டியாளர்கள்.

ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான பழைய கோப்பையைப் படைக் கழகம் 2002, 2004, 2007, 2008, 2009, 2010, 2012, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் வென்றது. போர் ஓய்ந்த ஆண்டிலேயே முதற் கோப்பை வந்தது என்பதைக் கவனியுங்கள். பெட்ரோவோ 2006 இலும் 2015 இலும் மட்டுமே வென்றது. அண்ணனுக்கு ஒன்பது, தம்பிக்கு இரண்டு!

ஆனால், இந்தக் கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். கண்டத்தின் தலைசிறந்த குழு அடுத்த தெருவிலேயே இருக்கும்போது, உள்ளூர்க் கோப்பையை வெல்வதற்கே கண்டத்தை வெல்லும் ஆற்றல் வேண்டும். பெட்ரோவுக்கு வாய்த்த பெரிய ஆசான் அதன் எதிரிதான் என்பேன்.

புதிய லீக்

2019 உடன் பழைய போட்டி முடிவுற்றது. அமெரிக்காவின் என்.பி.ஏ.வும் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பும் இணைந்து 'ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்' என்ற புதிய போட்டியை அமைத்தன. 2020 இல் தொடங்க வேண்டியது, கொரோனாத் தொற்றால் தள்ளிப்போய் 2021 மே மாதம் ருவாண்டாவின் தலைநகராகிய கிகாலியில் தொடங்கியது. பன்னிரண்டு நாடுகளின் பன்னிரண்டு கழகங்கள் களமிறங்கின. அயல்நாட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிக் குழுவை நிரப்பிவிட முடியாதபடி அவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்தனர். ஆகவே, சொந்த நாட்டில் ஆட்டக்காரர்களை வளர்க்காத கழகம் இங்கே நெடுநாள் நிற்க இயலாது.

அங்கோலாவின் சார்பில் பெட்ரோ வந்தது. இனி அதன் ஏட்டைப் புரட்டுவோம்.

2021: அரையிறுதியில் எகிப்தின் சமாலெக் கழகத்திடம் தோல்வி, மூன்றாம் இடம். 2022: இறுதியாட்டத்தில் துனிசியாவின் மொனாஸ்டிர் கழகத்திடம் 83–72 என்று தோல்வி. 2023: அரையிறுதியில் செனகலின் துவான் கழகத்திடம் தோல்வி, மூன்றாம் இடமும் கைநழுவி நான்காவதாக வீடு திரும்பியது. மூன்று ஆண்டுகள், மூன்று தோல்விகள்!

இங்கே சற்று நின்று, 2022 இல் பெட்ரோவை வீழ்த்திய மொனாஸ்டிரைப் பாருங்கள். அந்தக் கழகமும் முந்திய ஆண்டு இறுதியாட்டத்தில் சமாலெக்கிடம் 76–63 என்று தோற்றதுதான். ஓராண்டில் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியது. பெட்ரோவுக்கு அந்தப் பாடம் எதிரியின் கையாலேயே கிடைத்தது.

2024 ஜூன் 1. மீண்டும் கிகாலி. எதிரே லிபியாவின் பெங்காசி நகரத்து அல் அஹ்லி. 107–94 என்று பெட்ரோ வென்றது! முதல் ஐந்து பருவங்களின் இறுதியாட்டங்களில் நூறு புள்ளிகளைக் கடந்த குழு அது ஒன்றே. அதுவரை எகிப்து, துனிசியா, மீண்டும் எகிப்து என வடக்கிலேயே தங்கிய கோப்பை, முதன்முறையாகச் சகாராவுக்குத் தெற்கே சென்றது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. 2025 இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பெட்ரோ மறுபடி இறுதிக்கு வந்து, திரிப்போலி நகரத்து அல் அஹ்லியிடம் 88–67 என்று தோற்றது. மூன்றாவது, இரண்டாவது, நான்காவது, முதலாவது, இரண்டாவது: இவை ஐந்து பருவங்களில் அது பெற்ற இடங்கள். கோப்பை ஒரு முறைதான்; ஆனால் கோப்பையின் வாசலில் ஐந்து முறையும் நின்றது. இந்த ஐந்தையும் நான் அந்த ஒன்றைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

குள்ளமும் உயரமும்

நம் குழுவில் உயரமானவர் இல்லை என்பது நாம் சொல்லும் முதற் சாக்கு. 2024 இல் வென்ற பெட்ரோவில் சில்டே துண்டாவ் என்றோர் ஆட்டக்காரர் இருந்தார். அவர் உயரம் ஏறத்தாழ 170 செ.மீ. தான், நம் விடுதி உணவுக்கூட வரிசையில் நின்றால் தனியாகத் தெரியமாட்டார். பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு நெடியவர்களின் ஊடே புகுந்து செல்வதும், எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும் அவர் கலை. 2025 ஆகஸ்டில் அங்கோலாவிலேயே நடந்த ஆப்பிரிக்க நாடுகளின் போட்டியில், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் அங்கோலா மாலியை 70–43 என்று வென்று தன் பன்னிரண்டாம் கோப்பையைப் பெற்றது. அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் துண்டாவ்தான். நம் சாக்கு இனிச் செல்லாது.

நண்பர்களே! நமக்குப் பின்னால் எண்ணெய் நிறுவனம் எதுவும் இல்லை. நாம் தொழில்முறை ஆட்டக்காரர்களும் அல்லர். பெட்ரோவோடு நம்மை ஒப்பிடுவது நகைப்புக்கு இடமாகலாம். எனினும் மூன்று ஆண்டுகள் இறுதிவரை வந்த குழு, வெல்லத் தெரியாத குழுவன்று; வெற்றிக்கு ஒரு படி குறைந்த குழு. அந்தப் படியை ஏறும் முன்பே ஏணியைக் கீழே தள்ள நானும் கையுயர்த்தினேன். அந்தக் கையை இப்போது இறக்கிக்கொள்கிறேன்.

நம்மை மூன்று முறை வென்ற எதிர்விடுதிக் குழுவினரிடம் நேற்றே பேசிவிட்டேன். சனிக்கிழமை தோறும் மாலையில் நம்மோடு பயிற்சியாட்டம் ஆட இசைந்திருக்கிறார்கள். கேரம் பலகை அதுவரை சுவரோரமே சாய்ந்திருக்கட்டும். வருபவர்கள் ஐந்தரை மணிக்கு ஆடுகளத்திற்கு வாருங்கள். பந்து என்னிடம் இருக்கிறது.