புதுச்சபை தொடங்கப் போகிற பிள்ளைகளுக்கு

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் வாசலில் ஐந்து பேர் நின்றீர்கள். பேட்டையைத் தாண்டி, சுத்தமல்லிப் பக்கம் முளைத்திருக்கிற புது பிளாட்டுகளில் ஒரு சபை தொடங்கவேண்டும் என்றீர்கள். "தாத்தா, இருக்கிற கோயில்லயே பாதி பெஞ்சு காலியாக் கெடக்கு, புதுசு எதுக்குலன்னு பெரியவங்க கேக்காங்க. என்ன சொல்ல?" என்று உங்களில் மூத்தவன் கேட்டான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் உபதேசியாராக இருந்தவன் நான். யோசிக்காமல் பதில் சொல்லிப் பட்டது நிறைய. இப்போது எழுதுகிறேன்.

1. பெரியவர்களிடம் முதலில் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. அந்த நாற்பது பேருக்கு நடுவில் இருந்தவர் கிளாரிந்தா அம்மாள். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திப் பிராமண விதவை. மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் 1778-ல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-ல் அந்த அம்மாள் முயற்சியில் எழுந்த சின்னக் கோயிலைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே ஊர் சொன்னது. அன்றைக்கும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கோயில் இருக்கத்தான் செய்தது. அங்கே போய்க்கொள்ளுங்கள் என்று ஷ்வார்ட்ஸ் சொல்லியிருந்தால் இன்றைக்குக் காலிப் பெஞ்சுக்குக் கவலைப்பட இங்கே ஆளே இருந்திருக்காது.

2. நடக்கிற தூரத்தில் கோயில் வேண்டும். புதுச்சபைக்கு நான் சொல்லுகிற பெரிய காரணம் இதுதான். இதைவிடப் பெரிய வேதாந்தம் என்னிடம் இல்லை.

பேட்டை நூற்பாலை வேலைக்கென்று கிழக்கே இருந்து வந்த குடும்பத்தில் ஒரு பாட்டி இருந்தாள். சொந்த ஊரில் கோயில் மணி அடித்த பிறகு முகம் கழுவிவிட்டுக் கிளம்பினால் போதும். இங்கே வந்து இரண்டு பஸ் மாறி, பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுத்து, பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூட்டுவலி வந்தது. வாரம் ஒருமுறை மாதம் ஒருமுறை ஆயிற்று; பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர். பேரன் பேத்தி அதுவும் இல்லை. அவர்கள் வேறு மதத்துக்குப் போகவில்லை, சண்டை போடவும் இல்லை. தூரம், அவ்வளவுதான். நான் அவளைத் தேடிப் போனபோது வெள்ளைச் சேலையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். "கோயிலுக்குக் கட்டுற சேலை அய்யா, வேற எதுக்கும் கட்ட மனசு வரல" என்றாள். அந்த மாதிரி சேலைகள் உங்கள் பிளாட்டுகளில் எத்தனை வீட்டில் மடங்கிக் கிடக்கின்றன என்று தெரியுமா?

தெரியாது. அதனால் முதல் இரண்டு மாதம் கூட்டம் எதுவும் போடாதீர்கள். தெருத்தெருவாக நடங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீடு, எங்கிருந்து வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள், நோய்ப்படுக்கையில் யார். ஏற்கெனவே பக்கத்துச் சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் பெயரை அடித்துவிடுங்கள். அவர்கள் உங்கள் கணக்கில் வரமாட்டார்கள். அடுத்தவன் தொழுவத்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து மந்தை பெருகிவிட்டது என்று சொல்லுகிறவனை எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

3. கோபத்தில் தொடங்காதீர்கள்.

மிஷனெரி ரேனியஸ் ஐயரைவிடத் திருநெல்வேலிக்கு அதிகம் உழைத்தவர் குறைவு. 1820-ல் வந்தார், ஊர் ஊராகச் சபை வைத்தார், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலை 1826-ல் கட்டினார். உபதேசியார்களுக்கு யார் குருப்பட்டம் கொடுப்பது, இங்கிலாந்து சபை முறையில் எதை ஏற்பது என்று அவரை அனுப்பிய மிஷனெரி சங்கத்தோடு கருத்து வேறுபாடு முற்றி, 1835-ல் அவரை விலக்கினார்கள். ஆர்க்காட்டுக்குப் போனவரை உபதேசியார்கள் திரும்ப அழைத்தார்கள். அப்புறம் மூன்று வருஷம் இந்தக் கட்சி, அந்தக் கட்சி. 1838-ல் அவர் இறந்தபின் பெரும்பாலோர் திரும்ப ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். நியாயம் யார் பக்கம் என்று இன்றைக்கும் வாதிடலாம். ஆனால் பிரிவு சேர்ந்த சபையைப் பிரிக்கும், புதுத் தெருவுக்குப் போகாது.

1857-ல் பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை தனிச்சபை கண்டார். மிஷனெரி கால்டுவெல் 1849-ல் எழுதிய நூல் சட்டம்பிள்ளையின் சமூகத்தை இழிவாகப் பேசியது. வெள்ளைக்காரர் காசும் மேலாண்மையும் வேண்டாம் என்று அவர் எழுந்ததைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். சுயமரியாதை வேறு, கமிட்டி எலக்‌ஷனில் தோற்ற ரோஷம் வேறு. உங்களுடையது எது என்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு யோசித்துப் பாருங்கள்.

4. தங்குகிற ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகிறவரால் சபை நிற்காது. முதலூரைப் பாருங்கள். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் நிலம் பிடித்துக் குடியேற்றிய ஊர் அது. முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் முதலூர். 1816-ல் ஜேம்ஸ் ஹஃப் பட்டாளக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்து பார்த்தபோது, இந்தச் சபைகளுக்கென்று தங்கிக் கவனிக்க மிஷனெரி இல்லை. ஆனாலும் முதலூரிலும் நாசரேத்திலும் சபை இருந்தது. ஜெபம் சொல்ல, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க, சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார நம்மாட்கள் அங்கேயே இருந்தார்கள். உங்களில் ஒருவராவது அந்த பிளாட்டுகளில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேற வேண்டும். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நோட்டு வாங்கும் செலவாவது மிஞ்சும்.

5. கட்டடத்துக்கு அவசரப்படாதீர்கள். இடையன்குடிக் கோயில் எழ 33 வருஷம் ஆயிற்று. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி என்று பெருமையாகச் சொல்லுகிறோம். அதற்கு முன்னால் அங்கே ஓலைக் கூரை இருந்ததை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு ஒரு மாடித் தகரக் கொட்டகை போதும். மே மாதம் வேகும். வேகட்டும். பிறகு கோயில் கட்டத் துணிந்தால் கலெக்டர் அனுமதியை முதலில் வாங்குங்கள். கடைக்கால் போட்டுவிட்டு மனு எழுதாதீர்கள்.

6. சாதி. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் விட்டால் பொய்யாகும். புதுச்சபை தொடங்க மிகச் சுலபமான வழி உங்கள் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதுதான். மாமா வருவார், சித்தி வருவாள், அவர்கள் சம்பந்திமார் வருவார்கள், ஆறு மாதத்தில் கொட்டகை நிறையும். ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அது சபையாக இருக்காது, கல்யாண வீடாக இருக்கும். நெல்லைச் சீமையில் ஒரே சாதிக் கோயில்கள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. அதில் இன்னொன்றைக் கூட்ட உங்கள் உழைப்பு எதற்கு?

ரேனியஸ் காலத்துச் செமினரியிலேயே பந்தியில் சேர்ந்து உட்காரமாட்டோம் என்ற தகராறு வந்தது. நானும் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு அசனப் பண்டிகையில் சோறு வடித்தவரின் கையைப் பார்த்து நான்கு குடும்பம் வாளியோடு ஒதுங்கி நின்றது. நான் அந்த வாளிகளை நிரப்பிக் கொடுத்தேன். சண்டை வேண்டாமே என்று. இன்றைக்கும் என்னை உறுத்துகிற வேலை அது. நீங்கள் முதல் அசனத்திலேயே ஒரே பாய், ஒரே பந்தி என்று வைத்துவிடுங்கள். வாளிக்குச் சோறு இல்லை. நான்கு குடும்பம் போனால் போகட்டும்.

7. அக்கம்பக்கம். பேட்டையில் நமக்கு ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் அம்மன் கோயில். என் பெண்ணின் பிரசவத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ எடுத்தவர் பாய். அவர்கள் வாசலில் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்காதீர்கள். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருபது பேருக்குப் பகலிலும் வேண்டாம் என்று நான் சொல்லுகிறேன். சுவிசேஷத்தைக் கேட்கிறவனுக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கடன்காரன் வாசலிலும் மதம் பேசாதீர்கள்.

8. காசு. என் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். வீட்டில் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிறு அதைத் துணிப்பையில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோவாள். அப்படிச் சேர்ந்த அரிசியில் உபதேசியார் சம்பளம் போயிருக்கிறது, கூரைக்கு ஓலையும் வந்திருக்கிறது. கோயிலில் காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கடைவிலைக்கு மூன்று மடங்கு கேட்டு, எடுத்தவரே திரும்ப ஏலத்துக்கு வைப்பார். அந்தச் சிரிப்பும் சபைதான். வெளிநாட்டுப் பணம் வந்தால் வேகமாகக் கட்டலாம், மறுக்கவில்லை. டோனாவூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பெயர் அது. பணம் பெயரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். கணக்கை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள், இரண்டு கையெழுத்தோடு. இரண்டாவது கையெழுத்து ஒரு பெண்ணுடையதாக இருக்கட்டும்.

9. ஐயரிடமும் சேகரக் கமிட்டியிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். திட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

10. ஐந்து வருஷத்துக்குள் அடுத்த சபைக்கு ஆள் கொடுங்கள். 1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது நம்மவர்கள் பணக்காரர்கள் அல்ல. பனையேறியும் வயலில் கூலி செய்தும் பிழைத்தவர்கள் மிகுதி. அவர்கள் கொடுத்த காணிக்கையில் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்துக்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா பின்னால் தாமே குடும்பத்தோடு அங்கே போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தெலுங்கு பேசுகிற ஊருக்கு அனுப்ப முடிந்தவர்களுக்குச் சுத்தமல்லி தூரமா?

வருகிற ஞாயிறு வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, ஆராதனை முடிந்ததும் வாருங்கள். நோட்டைக் கொண்டுவாருங்கள். செருப்பை வாசலில் விடும்போது தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம்தான் காப்பி.