‘ஆவன செய்க’ என்றால் என்ன செய்வது?

எமரால்டு கிராமத்திலிருந்து ஊட்டி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் மனு எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பட்டம் முடித்துக் குன்னூர் தேயிலை அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், இதே வரியை ஆங்கிலத்தில் மெயிலுக்கும் கொண்டுபோகிறார்கள்: ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.’

தொடரில் பிழையில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, இந்திய அலுவலகங்களில் இன்னும் வாழ்கிறது. மனுவில் அது பொருந்தும். பட்டா பெயர் மாற்றம் என்று மேலே எழுதியிருந்தால், அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தாசில்தாருக்குத் தெரியும். மெயிலைப் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

தேயிலை ஏலத்துக்கு முன் ஒரு பேக்டரிக்கு இப்படி எழுதுகிறீர்கள்: ‘சாம்பிள் வரவில்லை. டூ தி நீட்ஃபுல்.’ பேக்டரிக்காரர் என்ன செய்வார்? கூரியரில் விசாரிப்பதா, வேறு சாம்பிள் அனுப்புவதா? கேட்டுத் தெளிவதற்குள் ஏல நாள் வந்துவிடும். ‘புதன்கிழமை மாலைக்குள் புதிய சாம்பிள் அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தால் வேலை அன்றே நடந்திருக்கும்.

கவனிக்கவேண்டியவை நான்கு:

1. யார், எதை, எப்போதைக்குள் – மூன்றையும் முதலில் எழுதுங்கள். ‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதைவிடத் தேதி நல்லது.

2. ‘டூ தி நீட்ஃபுல்’ தொடரைப் போட்டே தீரவேண்டுமானால் முழுதாகப் போடுங்கள். ‘தி’ விட்டுப்போகக்கூடாது. ‘நீட்ஃபுல்ஸ்’ என்று பன்மையாக்கக்கூடாது. ‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’ இரண்டில் ஒன்று போதும்.

3. வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். பழங்காலக் கடிதம்போலத் தோன்றும். சிலருக்கு அதட்டலாகவும் படும்.

4. ‘ரிவர்ட்’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. நமக்கு அது ‘பதில் எழுது’. பிற நாடுகளில் பலருக்கு ‘பழைய நிலைக்குத் திரும்பு’. ‘ரிப்ளை’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

அனுப்புவதற்கு முன் ‘டூ தி நீட்ஃபுல்’ தொடரை மட்டும் விரலால் மறைத்துவிட்டு மெயிலைப் படித்துப் பாருங்கள். என்ன செய்யவேண்டும் என்பது அப்போதும் விளங்கினால், தொடர் மரியாதைக்காக இருந்துவிட்டுப் போகட்டும். விளங்காவிட்டால், நீங்கள் எழுதவேண்டிய வரியை இன்னும் எழுதவில்லை.