பழைய இழைப்புளியும் அதன் பயனும்

தச்சுத் தொழிலுக்குரிய பழங்கருவிகளைத் தேடித் தொகுக்கும் வழக்கம் மேனாடுகளில் நெடுங்காலமாக உண்டு. பழந்தொழில்களையும் அவற்றின் கருவிகளையும் ஆராய்தற்பொருட்டு அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டிலும் சங்கங்கள் நிறுவப்பெற்றன. இத்தகைய தொகுப்பாளரிடையே ஒரு வழக்குத் தீராது நின்று வருகின்றது. துருப்பிடித்த பழங்கருவி ஒன்று கிடைப்பின் அதனை உள்ளவாறே பேழையில் வைத்துக் காத்தல் வேண்டும் என்பார் ஒருசாரார். துருவைப் போக்கி, வேண்டுமிடத்து அரத்தால் தேய்த்து, கூர்தீட்டிப் பணிகொள்ளல் வேண்டும் என்பார் மற்றொருசாரார். முன்னவர் கூற்றைக் கொள்ளின் கருவி வெறுங் காட்சிப்பொருளாய் ஒழியும். பின்னவர் கூற்றை வரம்பின்றிக் கொள்ளின் அதன் பழமைக்குரிய சான்றுகள் அழிந்துபோம். இவ்விருவருள் யாவர் கூற்றுத் தக்கது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கருவிகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளின் கட்டுரை பெருகுமாதலின், இழைப்புளி ஒன்றனையே, அதனுள்ளும் அமெரிக்கராகிய பெய்லி என்பார் அமைத்த இரும்பு இழைப்புளியையே பெரும்பான்மையும் சான்றாகக் கொள்வாம்.

மரத்தின் மேற்புறத்தைச் சீவி வழுவழுப்பாக்கும் இக்கருவி மிகப் பழைமையுடையது. கி. பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் புதையுண்ட பாம்பேயி நகரினை அகழ்ந்தபொழுது, உரோமானியத் தச்சர் கையாண்ட இழைப்புளிகள் கிடைத்தன. அலகினை ஆப்பினால் இறுக்கும் முறை அக்காலத்தே இருந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் வரையில் அம்முறையே பெரும்பாலும் நிலைபெற்றது. மரக்கட்டையாலான இழைப்புளியில் அலகின் தலையில் சுத்தியால் மெல்லத் தட்டினால் சீவல் தடிக்கும்; கட்டையின் பின்புறத்தில் தட்டினால் அலகு பின்வாங்கும். எத்துணை மெல்லத் தட்டுவது என்பதைக் கை அறியுமேயன்றி வாய் சொல்ல வல்லதன்று. பல்லாண்டு பழகிய தச்சனுக்கு இதில் இடர் யாதுமில்லை. புதிதாகக் கற்பானுக்கோ இது பெருந்தொல்லை.

பாஸ்டன் நகரில் தொழில் செய்த லியோனார்டு பெய்லி என்பார் இத்தொல்லையைத் தீர்க்க முயன்று, 1858, 1867 ஆகிய ஆண்டுகளில் உரிமைப் பட்டயங்கள் பெற்றார். அவர் அமைத்த இழைப்புளியில் அலகின் பின்னே ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதனை விரலால் திருப்பின், சிறு நெம்புகோல் ஒன்று அசைந்து அலகை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்தும். 1869இல் கனெக்டிகட் மாகாணத்து நியூ பிரிட்டன் நகரிலிருந்த ஸ்டான்லி கம்பெனியார் இவ்வுரிமைகளை விலைக்கு வாங்கினர். அலகைப் பக்கவாட்டில் சாய்த்து நேர்செய்யும் நெம்புகோலுக்கு ஜஸ்டஸ் டிராட் என்பார் 1884இல் உரிமை பெற்றார். அளவுக்கேற்ப எண்ணிட்டு இவை விற்கப்பட்டன. 4ஆம் எண் 9 அங்குல நீளமுடையது, இறுதி மெருகுக்கு உரியது. 5ஆம் எண் 14 அங்குலம், முதற்சீவலுக்கு உரியது. 7ஆம் எண் 22 அங்குலம், பலகைகளின் விளிம்பை நேராக்கி ஒட்டுதற்கு உரியது. ஷெபீல்டு நகரத்தாரும் 1931 முதல் ரெகார்டு என்னும் பெயரால் இவ்வகையினவற்றைச் செய்தனர். இலட்சக்கணக்கில் இவை வார்க்கப்பட்டன என்பதை நினைவிற் கொள்க. பின்னர் யாம் கூறும் முடிபுக்கு இது வேண்டப்படும்.

இவ்விழைப்புளியின் காலத்தைக் கணித்தல், கைக்குக் கிடைத்த ஏட்டுச்சுவடியின் காலத்தைக் கணித்தல் போல்வதோர் இனிய ஆராய்ச்சி. அலகைத் தாங்கும் சாய்ந்த உறுப்பினை ஆங்கிலத் தச்சர் தவளை என்பர். அத்தவளையை முன்பின் நகர்த்தும் திருகு ஸ்டான்லி இழைப்புளிகளில் 1907ஆம் ஆண்டளவில் சேர்க்கப்பட்டது. தவளையின் பின்னே, அடித்தட்டில், 1902ஆம் ஆண்டுக்குரிய இரண்டு தேதிகளும் 1910ஆம் ஆண்டுக்குரிய ஒரு தேதியுமாக மூன்று வார்ப்பில் அமைந்திருப்பின், அது 1910க்கு முற்பட்டதன்று. கைப்பிடிகள் நம் நாட்டு ஈட்டிமரத்துக்கு இனமாகிய பிரேசில் நாட்டு மரத்தால் ஆயவை. இரண்டாம் உலகப் போரின்போதோ சாயந்தோய்த்த வேறு மரம் அவ்விடத்தைப் பெற்றது. பித்தளையும் போருக்கு வேண்டப்பட்டமையால், அத்திருகு அக்காலத்தே வன்ரப்பராலும் எஃகாலும் செய்யப்பட்டது. ஒரு நாட்டின் பஞ்சத்தை விரல்படும் ஒரு திருகிலே காணலாம் என்பது வியப்பன்றோ! ஓர் ஏட்டின் முற்பகுதியோடு மற்றோர் ஏட்டின் பிற்பகுதியைக் கோத்துக் கட்டியது போல, வெவ்வேறு காலத்து உறுப்புகளைக் கூட்டி முழுக்கருவியாக்கி விற்பாரும் உளர். தொகுப்போனுக்கு இது வஞ்சகம். உறுப்புகள் தம்முள் பொருந்துமாயின் இழைப்போனுக்கு யாதொரு குறையுமில்லை. 5½ அங்குல நீளமே உள்ள 1ஆம் எண் மிக அரியதாதலின் தொகுப்போர் அதற்குப் பெரும்பொருள் கொடுப்பர். ஒரு கை பிடிப்பதற்கும் போதாத அச்சிறு கருவியால் இழைக்கத்தக்க வேலை மிகச் சிறிது என்பது எம் கருத்து.

ஆங்கில நாட்டு மர இழைப்புளிகளில் வேறொரு சான்று காணப்படும். அவற்றின் முன்முகத்தில் செய்தோன் பெயரும், அதனருகே உடைமையாளன் பெயரும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். கருவி கைமாறுந்தோறும் பெயர் பெருகும். ஒரே கட்டையில் மூன்று நான்கு பெயர்களும் உண்டு. இம்முத்திரைகளைக் கொண்டு குட்மன் என்னும் அறிஞர் 1700 முதலாக இழைப்புளி செய்தாருடைய பட்டியலைத் தொகுத்து 1968இல் நூலாக வெளியிட்டார். செய்தாருக்கு நூல் எழுந்தது. வாங்கி உழைத்த தச்சருட் பலருக்கோ அம்முத்திரையின்றி உலகில் வேறு நினைவுக்குறி இல்லை. உப்புத்தாளைக் கொண்டு கட்டையை வெளுக்கத் தேய்ப்போன் ஒரு நாழிகையில் அவ்வேழையின் பெயரைத் துடைத்துவிடுகின்றான். காத்தல் வேண்டும் என்பார் கூற்றில் யாம் காணும் வலிமை இதுவே.

எனினும் காத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. இதற்கு இழைப்புளியின் மேலலகே தக்க சான்று. வெட்டும் அலகின்மேல் மற்றோர் இரும்புத்தகடு திருகாணியால் இறுக்கப்பட்டிருத்தலை யாவரும் கண்டிருக்கலாம். மரத்தின் இழை ஒரே திசையில் ஓடாது கணுவருகே சுழித்தும் புரண்டும் ஓடுமிடத்து, அலகு வெட்டுதற்கு முன்னே மரம் பிளந்துகொண்டு பெயரும். மேற்புறம் புண்பட்டாற்போல ஆகும். மேலலகின் விளிம்பைக் கீழலகின் கூரோடு மிக நெருங்க வைப்பின், எழும் சீவல் உடனே அவ்விளிம்பில் முட்டி முன்னோக்கி வளையும். பிளவு முந்தியோட இடம் பெறாது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இரட்டையலகு வழக்கில் இருந்தது. 1812இல் பீட்டர் நிக்கல்சன் என்பார் எழுதிய தச்சுநூலிலும், மரத்தின் தன்மைக்கேற்ப மேலலகைத் தள்ளியும் நெருக்கியும் வைக்குமாறு கூறப்பட்டுள்ளது.

பின்னர் நிகழ்ந்ததே இரங்கத்தக்கது. எந்திரங்கள் மிக்க பின்னர், கையால் இழைத்து வயிறு வளர்ப்போர் அருகினர். கருவிகள் தொகுப்போர் பேழைகளில் ஒன்றும் குறையாமல் இருந்தன, மேலலகும் இருந்தது, அதன் தொழில் யாதென்பதோ பலருக்கு மறந்துபோயிற்று. மெல்லிய கீழலகு அதிராதவாறு அழுத்துதற்கே அது வைக்கப்பட்டது என்று கருதினோர் பலர். மரம் பெயர்தலைத் தடுக்க வேண்டித் தடித்த அலகையும், செங்குத்தாக நிற்கும் அலகையும், ஒடுங்கிய வாயையும் நாடினர். ஜப்பான் நாட்டு யமகாட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கவாய், காட்டோ என்னும் பேராசிரியர் இருவர் சீவல் எழும் விதத்தைப் பெரிதாக்கிப் படம் பிடித்திருந்தனர். 2012ஆம் ஆண்டில் அப்படம் மேனாட்டுத் தச்சரிடையே பரவியபோது, ஒரு மில்லிமீட்டரில் பத்திலொன்று முதல் பத்தில் மூன்று வரையிலான இடைவெளியில் மேலலகு செய்யும் தொழிலை அவர்கள் கண்ணாரக் கண்டனர். தம் கையிலிருந்த நூறாண்டுப் பழைமையுடைய இழைப்புளியிலேயே அதனை ஆய்ந்து தெளிந்தோர் பலர். இழைத்துப் பார்ப்போர் சிலரேனும் இல்லாதிருப்பின், உறுப்பு இருந்தும் பொருள் விளங்காத சொல்லாகவே அது கிடந்திருக்கும். ஆதலின் கருவியை மட்டும் காத்து அதன் ஆட்சியைக் கைவிடுதல் பாதிக் காப்பேயாம்.

ஆயின் செப்பனிடுதற்கு வரம்பு யாது? துரு நீக்கலில் தொடங்குவாம். மெல்லிய துருவுக்கு மண்ணெண்ணெயும் எஃகுப் பஞ்சும் போதும். தடித்த துருவுக்கு மின்சார முறை நன்று. சலவைச் சோடா கரைத்த நீரில் கருவியை அமிழ்த்தி, 12 வோல்ட் மின்னோட்டத்தின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத்துண்டு ஒன்றனோடும் இணைத்து ஓரிரவு விடின், நல்ல இரும்பு தேயாமல் துரு மட்டும் இளகும். நேர்முனைக்குத் துருவேறா எஃகினை இடலாகாது. குரோமியம் கலந்த நஞ்சு நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழுமாதலின் காற்றோட்டமான வெளியில் இதனைச் செய்க. அடித்தட்டின் உட்புறத்துக் கரிய அரக்குப்பூச்சு நின்றவரையில் நிற்கட்டும். இரும்பைச் சுழற்சாணையில் கண்ணாடிபோல் மினுக்குவோர் செயலை யாம் சிறிதும் ஒப்புகின்றிலேம். அதனால் பக்கங்களின் நேர்மை கெடும், விளிம்புகள் மழுங்கும், எழுத்துகள் மங்கும். இழைத்தற்கு அணுவளவும் உதவி இல்லை.

இனி, உருமாற்றம் செய்தல். 5ஆம் எண் இழைப்புளி ஒன்றின் அலகை நேர்விளிம்பாக விடாது, 8 அங்குல ஆரமுடைய வட்டத்தின் பகுதிபோல வளைத்துத் தீட்டின், அது குறுக்கிழையில் மிகு தடிப்பாகச் சீவிக் கோணற்பலகையை விரைவில் வழிக்குக் கொணரும். இன்னும் முரட்டு வேலைக்கு 3 அங்குல ஆரமாக வளைத்து, தவளையைப் பின்னுக்குத் தள்ளி வாயை அகலமாக்குவர். அலகும் தவளையும் மீட்டும் பழைய நிலைக்கு வரத்தக்கவையாதலின் இம்மாற்றத்தில் கேடில்லை. அரத்தால் அடித்தட்டின் வாயை அகற்றுதலோ மீட்க இயலாத மாற்றம். இலட்சத்தில் ஒன்றாகிய பொதுக்கருவியில், வேறு வழியின்றேல், அதுவும் பொறுக்கத்தக்கதே. அரியதொன்றிலும் முத்திரையுடையதொன்றிலும் அது தகாது. தீட்டும்போது அலகு நீலநிறம் பெறுமாறு சூடேற விடலாகாது. அந்நிறம் தோன்றின் எஃகின் வன்மை அவ்விடத்துக் குன்றிற்று என்றறிக. நீரில் அடிக்கடி தோய்த்துக் கொள்வது தொழிலறிந்தோர் வழக்கம். வார்ப்பிரும்பு எளிதில் உடைவதாதலின், கருவியைச் சிமெண்டுத் தரையில் நழுவவிடாமையும் வேண்டும்.

பழங்கருவி பணிக்குத் திரும்புதல் செல்வர் விளையாட்டு என்று கருதுவார்க்கு ஒன்று கூறுவாம். 1979இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஒரு தரும சங்கத்தார், வீடுகளில் வாளா கிடந்த உளி, வாள், இழைப்புளி முதலியவற்றை இரந்து பெற்று, ஊதியம் பெறாத அன்பரைக் கொண்டு செப்பனிட்டு, ஆப்பிரிக்க நாடுகளின் தொழிலாளர்க்கு அனுப்பி வந்தனர். அவற்றைப் பெற்றார்க்கு அலகின் கூர் வேண்டும். அதன் ஆண்டு வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் பழைய இரும்புக் கடைகளில், ஷெபீல்டு என்னும் ஊர்ப்பெயர் பொறித்த அலகுகள் உடைந்த வாளியோடும் ஆணியோடும் ஒருங்கே நிறுக்கப்படுதலை யாம் கண்டிருக்கின்றோம். வாங்க விரும்பும் மாணவர் முதலில் அலகின் பின்புறத்தை நோக்குக. மேற்பாதியில் துரு எத்துணைப் பற்றியிருப்பினும் பெரிதன்று. கூர்விளிம்பை அடுத்த அரையங்குலத்தில் குழிகள் ஆழப் பறிந்திருப்பின் அதனை விடுக. அடுத்து அவ்விளிம்பினருகே சிற்றரத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க. அரம் வழுக்கி ஓடின் எஃகின் உரம் கெடவில்லை. மெல்லெனக் கடித்து இழுப்பின், அவ்வலகு எக்காலத்தோ தீயில் பட்டது.