கரைக்குத் திரும்புகிற படகு: முதன்முதல் வாங்குவோருக்குச் சில அறிவுரைகள்

ஒக்டோபர் பிறந்து ஸ்நாப்பர் மீன்கள் போர்ட் பிலிப் குடாவுக்குள் வரத் தொடங்கியதும் மெல்பேர்ணில் உள்ள நம் இளைஞர்களுக்குப் படகு ஆசை பிடித்துக்கொள்ளும். "அண்ணை, என்ன போட் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். நீளம் எவ்வளவு, எஞ்சின் எத்தனை குதிரைவலு, மீன் காட்டும் திரை எவ்வளவு பெரிது என்பதிலேயே பேச்சு சுற்றும். பின்னேரம் காற்று மாறினால் எப்படித் திரும்பி வருவது என்று கேட்பவர் குறைவு. படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தத் திரும்பும் வழியை வைத்துத்தான். ட்ரெய்லரில் இழுத்துப் போகும் படகென்றால், கடலிலிருந்து கரைக்கு மட்டுமல்ல, கரையிலிருந்து வீட்டுக்கும் ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

1. முதலில் கடலைத் தேர்ந்தெடுங்கள், பிறகு படகை. போர்ட் பிலிப் ஏறத்தாழ 1,930 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குடா. அதில் பாதிக்கு 8 மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆழமில்லாத கடலில் காற்று அடித்தால் அலை உயரமாக எழாவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். பாக்கு நீரிணையில் வள்ளம் ஏறியவர்களுக்கு இந்தக் குணம் தெரியும். கோடையில் காலையில் சூடான வடகாற்று வீசும்போது மோர்டியலொக், பேட்டர்சன் ஆறு, ஃபிராங்ஸ்டன் பக்கத்துக் கரையோரம் அமைதியாக இருக்கும். குளிர்முகம் வந்து காற்று தென்மேற்குக்குத் திரும்பினால், அதே கரையை நோக்கி அலைகள் நேராக வந்து மோதும். காலையில் நீங்கள் சிரித்துக்கொண்டு படகை இறக்கிய ராம்ப் அப்போது வேறு இடமாகிவிடும்.

வெஸ்டர்ன் போர்ட்டில் பிரச்சினை வேறு. அங்கே நீரோட்டம் கடுமை. வற்றும்போது சேற்றுத் திட்டுகள் வெளியே வந்துவிடும். வாய்க்கால் எங்கே போகிறது என்று அறியாதவர் அடுத்த பெருக்கு வரும்வரை சேற்றிலே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போர்ட்லண்டுக்கு இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வரும் புளூஃபின் சூரையைத் தேடிப் போவதென்றால் அது முழுப் பெருங்கடல். ஒரே படகில் இந்த மூன்றையும் அடக்க நினைக்காதீர்கள். தொடங்குகிறவர்களுக்கு முதல் இரண்டும் போதும். அதற்கு 5 முதல் 5.5 மீட்டர் வரையிலான படகு தாராளம்.

2. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று தெரியாமல் எந்தப் படகையும் பார்க்கப் போகாதீர்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. 5.2 மீட்டர் ஃபைபர்கிளாஸ் படகு 650 கிலோ என்று வையுங்கள். 90 குதிரைவலு நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் 165 கிலோ அளவில் வரும். ட்ரெய்லர் 350. நூறு லீட்டர் பெட்ரோல் 75 கிலோ. நங்கூரம், சங்கிலி, பற்றரி, ஐஸ்பெட்டி, தூண்டில்கள் எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்குக் குறையாது. கூட்டினால் 1,340 கிலோ ஆகிறது. வீட்டில் நிற்கும் டொயோட்டா ராவ்-4 ஹைபிரிட் இதை இழுக்குமா? 2019இல் வந்த மாடலில் நான்கு சக்கர இழுவை வகை 1,500 கிலோவரை இழுக்கும். முன்சக்கர வகைக்கு வெறும் 480 கிலோதான் அனுமதி. பெயரும் தோற்றமும் ஒன்றுதான், இழுவை ஒன்றல்ல. காரின் கையேட்டைத் திறந்து உங்கள் வகைக்குரிய எண்ணைப் படியுங்கள். மேல் எல்லையை ஒட்டியும் போகாதீர்கள்; ஈரமும் பாசியுமாக இருக்கும் ராம்பில் சறுக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

ஏற்றிய ட்ரெய்லரின் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். காரிலிருந்து கழன்றால் தானாகவே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

3. படகின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். 1960இல் மயாமி–நாசோ பந்தயத்தில் ரே ஹன்ட் வடிவமைத்த 'மொப்பி' என்ற படகு கொந்தளிப்பான கடலில் வென்ற பிறகுதான் ஆழமான 'வி' வடிவ அடிப்பாகம் உலகெங்கும் பரவியது. பின்புறத்தில் 20 பாகையும் அதற்கு மேலும் சரிவுள்ள படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், முதுகெலும்பு நோகாது. ஆனால் நங்கூரம் போட்டு நிற்கும்போது அதிகம் ஆடும். எல்லோரும் ஒரே பக்கம் வந்தால் சாயும். 15 பாகை அளவில் தட்டையானது நிற்கும்போது உறுதியாக இருக்கும், ஓடும்போது அடிக்கும். மனைவி, பிள்ளைகளோடு குடாவுக்குள் கணவாயும் ஸ்நாப்பரும் பிடிக்கப் போகிறவர்களுக்கு 17, 18 பாகை நல்ல நடுவழி என்பது என் முடிவு.

அலுமினியமா ஃபைபர்கிளாஸா என்ற வாக்குவாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அலுமினியம் இலேசு, அடிபட்டாலும் தாங்கும். ஃபைபர்கிளாஸ் மென்மையாக ஓடும், எடை கூடும். உங்கள் காரே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

4. படகில் ஒட்டியிருக்கும் 'ஓஸ்திரேலியன் பில்டர்ஸ் பிளேட்' என்ற தகட்டை வாசியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எஞ்சின் உச்ச அளவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மிதப்பு பற்றிய வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'பேசிக்' என்றால் நீர் நிறைந்தாலும் படகு முழுதாக மூழ்காது, ஆனால் கவிழலாம்; நீங்கள் பிடித்துத் தொங்கலாம், அவ்வளவுதான். 'லெவல்' என்றால் நீர் நிறைந்தும் நிமிர்ந்தே மிதக்கும், உள்ளே உட்கார்ந்திருக்கலாம். விலையில் சிறிது வித்தியாசம் இருந்தால் 'லெவல்' உள்ளதையே எடுங்கள்.

5. எஞ்சினில் கஞ்சத்தனம் வேண்டாம். தகடு சொல்லும் உச்சத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்தால், நாலு பேர் ஏறியதும் படகு நீர்மேல் எழும்பத் திணறும். பழைய கார்புரேட்டர் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் புதிதாக விற்பது 2019 யூலையோடு இங்கே நின்றுவிட்டது. கைமாறியவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும்.

6. பழைய படகு வாங்குவது தவறில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் தவறு. பளபளக்கும் பக்கங்களை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். எஞ்சின் தொங்கும் பின்பலகையைத்தான், ட்ரான்சம் என்பார்களே, அதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். பழைய ஃபைபர்கிளாஸ் படகுகளில் அதற்குள்ளே மரப்பலகை இருக்கும். ஆணித்துளை வழியாக நீர் இறங்கினால் வெளியே தெரியாமல் உக்கிப் போகும். திருப்புளியின் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை 'டக்' என்று கணீரென ஒலிக்கும்; உக்கிய இடத்தில் சத்தம் மந்தமாக, ஈரமாகக் கேட்கும். பிறகு எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை வளைந்தாலோ, மூலையில் மயிரிழை வெடிப்புத் திறந்து மூடினாலோ நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விலையைக் குறைப்பதாகச் சொன்னாலும் வேண்டாம்.

எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு சோதியுங்கள். அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். காசு கொடுக்குமுன் கடலில் ஓட்டிப் பாருங்கள். பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் அந்தப் படகு மேல் கடன் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில்லறைக் காசுதான் செலவு. படகு, எஞ்சின், ட்ரெய்லர் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

7. ட்ரெய்லரைப் படகைப் போலவே மதியுங்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு நேரே கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டி உப்புநீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பாலாகும், பேரிங் துருப்பிடிக்கும், ஒருநாள் சக்கரமே கழன்று போகும். ராம்புக்கு வந்ததும் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். அந்த நேரத்தில் சாமான்களை ஏற்றலாம், படகின் வடிதுளைக்கு அடைப்பு போட்டாயிற்றா என்று பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நன்னீர் ஓடவிடுங்கள். ட்ரெய்லரின் பிரேக்கையும் அச்சையும் கழுவுங்கள். குளிருது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுபவர்களின் படகுதான் சந்தையில் மலிவாக வருகிறது.

8. கையிலிருக்கும் காசில் ஐந்தில் ஒன்றை உயிர்காக்கும் சாமான்களுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் படகு தேடுங்கள். விக்டோரியாவில் 4.8 மீட்டரும் அதற்குக் குறைவுமான மோட்டார்ப் படகு ஓடும்போது எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும். பெரிய படகானாலும் நீங்கள் அணியுங்கள். நீச்சல் பழகாமலே வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்; இதில் வெட்கத்துக்கு இடமில்லை. வெளிக்கடலில் 2 கடல் மைலுக்கு அப்பால் போனால் இ.பி.ஐ.ஆர்.பி. என்னும் அவசர ஒலிபரப்பி சட்டப்படி வேண்டும். வாங்கியதும் அதை ஓஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் பதியுங்கள். கைப்பேசியை நம்பாமல் வி.எச்.எஃப். வானொலி பூட்டுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு.

9. பொயின்ட் லொன்ஸ்டேலுக்கும் பொயின்ட் நேப்பியனுக்கும் நடுவிலுள்ள 'ரிப்' வாயைத் தாண்ட முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம். குடாவின் நீரெல்லாம் அந்த ஒடுக்கமான வாசலால்தான் போய் வருகிறது. ஓட்டமும் அலையும் எதிரெதிராக மோதும் நேரத்தில் பெரிய கப்பல்களையே அது சோதிக்கும். பழகியவரோடு அவர் படகில் போய்ப் பாருங்கள்.

10. படகு வாங்கிய முதல் வாரத்திலேயே உங்களோடு வரும் இன்னொருவருக்கு, மனைவியோ கணவரோ வளர்ந்த பிள்ளையோ, எஞ்சினை நிறுத்தவும் முடுக்கவும், நங்கூரம் போடவும், வானொலியில் 16ஆம் சனலில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்கவும் காட்டிக் கொடுங்கள். நீரில் விழுகிறவர் படகோட்டியாகவே இருக்கலாம். அப்போது படகைத் திருப்பி வர அவர்களைத் தவிர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.