‘மட்டையாயிட்டான், தூங்க விடு’

“மட்டையாயிட்டான், தூங்க விடு. காலையில தெளிஞ்சிடும்.” அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். விடியற்காலையில் நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் கல்லூரிப் பையன்கள், ராத்திரி முழுக்க இதைச் சொல்லித்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒருவன் இரண்டாம் ஆண்டு மாணவன், வயது 19. தெளிய வைக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போட வாயைத் திறந்தேன். கடைவாய்ப் பல்லோரம் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை 40-க்கும் கீழே. வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. கடைசியாகப் பேசியது ராத்திரி 12 மணிக்கு, கொண்டுவந்தது 5 மணிக்கு. பிழைத்து வீட்டுக்குப் போக அவனுக்குப் பதினொரு நாள் ஆனது.

தூங்குகிறவனை உலுக்கினால் முனகிக்கொண்டாவது எழுந்திருப்பான். எழாதவன் தூங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறான். குடிப்பதை நிறுத்திப் படுத்த பிறகும் வயிற்றில் மிச்சமிருக்கும் சரக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 12 மணிக்கு உளறியவன் 1 மணிக்கு இன்னும் மோசமாகலாம். மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகும். தொண்டைக்கு வந்ததை இருமித் தள்ளும் அனிச்சை போய்விடும். மல்லாந்து கிடந்தால் வாந்தி உள்ளேதான் இறங்கும். வெறும் வயிற்றில் குடித்திருந்தால் சர்க்கரையும் சரியும்.

“குவார்ட்டர்தான் சார் அடிச்சான்” என்பார்கள். 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம்: சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே தடவையில் 60 கிராமைத் தொட்டாலே மிதமிஞ்சிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது ஆபத்து. நினைவில்லாதவன் வாயில் எதையுமே ஊற்றாதீர்கள், எத்தனை தடவை சொல்வது!

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல்காலை மடக்கி முன்னே விடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி, நீலம் பாரித்த உதடு, சில்லிட்ட உடம்பு, கிள்ளினாலும் திறக்காத கண்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

குடியைப் பற்றிய மற்ற தப்பான நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீர் சரக்கே இல்லையாம்! 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பிராந்தி, விஸ்கியில் 30 மில்லி வீதம் நான்கு ஊற்றியதற்குச் சமம். பீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்காது. எனர்ஜி டிரிங்க் கலந்தால் போதை குறையாது. ஏறியது தெரியாமல் போகும், அதனாலேயே இன்னும் குடிப்பார்கள். 18 ஆனால் சட்டப்படி குடிக்கலாம் என்பதும் தப்பு. தமிழ்நாட்டில் 21.

அந்தப் பையனை ஏன் ஐந்து மணி நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். “வார்டனுக்குத் தெரிஞ்சா ஹாஸ்டலை விட்டே அனுப்பிடுவாங்க சார்” என்றான் ஒருவன். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பயத்தை வளர்த்தது நாம்தான். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் பாயாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பெயரைச் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்கின்றன அதன் கீழ் வந்த விதிகள். விடுதிக்கு மட்டும் அந்தப் பெருந்தன்மை ஏன் கூடாது? எந்தக் கல்லூரிக்குப் பேசப் போனாலும் இதைத்தான் கேட்கிறேன். குடித்ததற்குக் கவுன்சலிங் கொடுங்கள், பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். ஆனால் சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கும் விதிமுறைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: மயங்கியவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் மீதும், கொண்டுபோகப்பட்டவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அதற்குக் கீழேயே, ராத்திரி 2 மணிக்கும் எடுக்கிற வார்டனின் கைப்பேசி எண்ணையும் அச்சிடுங்கள்.