பாண்டிங் வரைந்த மடலும் உடற்பருமனும்

உடலை வளர்ப்பது உணவு. அளவும் வகையும் பிறழ்ந்தவழி அதனைக் கெடுப்பதும் அவ்வுணவே. இவ்வுண்மையை எந்நாட்டாரும் அறிவர். எனினும் எவ்வுணவு உடலைப் பருக்கச் செய்கின்றது, பருத்த உடலைச் சுருக்குதற்கு எவ்வழி சிறந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண்டல் எளிதன்று. சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றைச் சுருக்கினாலே உடல் மெலியும் என்பார் இக்காலத்துப் பலர். அரிசி, கோதுமை, கிழங்கு முதலியவற்றில் மிக்குள்ள சத்தினை மாப்பொருள் என்பர், சர்க்கரையும் அவ்வினத்ததே. ஆகலின் இதனை மாப்பொருட் சுருக்கம் எனப் பெயரிட்டு வழங்குவோம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதெனச் சிலர் கருதுகின்றனர். அன்று. 1825-ஆம் ஆண்டிலேயே பிரஞ்சு நாட்டு எழுத்தாளராகிய பிரில்லா-சவாரின் என்பார், மாவுப் பண்டங்களே பருமனுக்குப் பெருங்காரணமெனத் தம் நூலில் எழுதினர். ஆயினும் இம்முறையைத் தம் உடம்பிலேயே ஆய்ந்து, கண்ட பயனை எண்ணாலும் எடையாலும் உலகறியச் செய்தவர் இலண்டன் மாநகரத்து வில்லியம் பாண்டிங் என்னும் முதியவரே. அவர் வரலாற்றை ஆராய்வோமாயின் இம்முறையின் பயனை அறிவதோடு, ஒரு மருந்து பலித்ததென்பது வேறு, அது பலித்த காரணத்தை அறிந்தோமென்பது வேறு என்னும் வேற்றுமையையும் தெளிவோம்.

பாண்டிங்கும் அவருற்ற துயரும்

பாண்டிங் குடும்பத்தார் அரச குலத்தாருக்கும் பெருமக்களுக்கும் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழிலினர். 1852-இல் வெலிங்டன் கோமகனுக்கு நிகழ்ந்த பெருஞ்சடங்கினை நடத்தியவரும் அவர்களே. வில்லியம் பாண்டிங் சோம்பர் அல்லர். பெருந்தீனி உண்பவரும் அல்லர் எனத் தம்மைக் குறித்து அவரே கூறுகின்றார். எனினும் நடுவயதிலிருந்து அவர் உடல் பருக்கத் தொடங்கிற்று. 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அறுபத்தைந்தாண்டு கடந்த நிலையில், 5 அடி 5 அங்குல உயரமுடைய அவர் 202 இராத்தல் எடையுடையராய் இருந்தனர்.

அவருற்ற துன்பங்கள் பலவாம். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டுதல் இயலாதாயிற்று. முழங்காலும் கணுக்காலும் உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாமையின், படிகளில் இறங்கும்போது பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்கினர். கண்ணொளி மங்கிற்று, செவியும் கேளாதாயிற்று. இவை அனைத்தினும் கொடிது பிறர் நகையே. பொதுக் கூட்டங்களிலும் வண்டிகளிலும் மக்கள் தம்மை நோக்கி எள்ளுவதைப் பொறாது, அத்தகைய இடங்களுக்குச் செல்வதையே அவர் கூடியவரை தவிர்த்தனர். பருத்த உடலினரைக் கண்டு நகைப்பது குற்றமன்றென நினைப்பார் இன்றும் நம்மிடையே உளர். இம்முதியவரின் சொற்களைப் படிப்பார்க்கு அந்நகை எத்துணைக் கொடிதென்பது விளங்கும்.

அவர் கைக்கொள்ளாத வழி இல்லை. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கனத்த படகொன்றைத் துடுப்பிட்டு வலித்தனர். தசை வலுப்பெற்றது, ஆயின் பசியும் உடன் பெருகிற்று, எடையும் ஏறிற்று. குதிரையேற்றம் பயின்றனர், மருத்துவ ஊற்றுக்கள் உள்ள ஊர்களுக்குச் சென்று நீர் பருகினர், துருக்கிய முறையில் நீராவிக் குளியல் பல செய்தனர். இவற்றாற் பெற்ற பயன் மிகச் சிறிதே.

ஹார்வி காட்டிய வழி

செவிக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டே பாண்டிங், வில்லியம் ஹார்வி என்னும் செவி மருத்துவரை நாடினர். (குருதியோட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி இவரின் வேறு, அவர் பதினேழாம் நூற்றாண்டினர்.) இம்மருத்துவர் 1856-இல் பாரிஸ் நகரில், குளோது பெர்னார் என்னும் பேரறிஞரின் கொள்கைகளைக் குறித்து நிகழ்ந்த ஆராய்ச்சியுரைகளைக் கேட்டவர். கல்லீரல் பித்தத்தைச் சுரப்பதோடமையாது ஒருவகைச் சர்க்கரையையும் உண்டாக்குகின்றதென்பது பெர்னாரின் கண்டுபிடிப்பு. நீரிழிவு நோயாளர்க்குச் சர்க்கரையும் மாவும் விலக்கப்படுவதை ஹார்வி நினைந்தனர். மாவுணவால் விலங்குகள் கொழுப்பதையும் நினைந்தனர். இவ்விரண்டையும் இணைத்து, மாவையும் சர்க்கரையையும் நீக்கின் மிகைக்கொழுப்பும் நீங்கும் என முடிவு செய்து, பாண்டிங்குக்கு ஓர் உணவு முறையை வகுத்தனர்.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு என்னும் ஆறும் விலக்கப்பட்டன. காலையுணவாக 4 அல்லது 5 அவுன்ஸ் இறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் கலவாத தேநீர், வாட்டிய ரொட்டி ஓர் அவுன்ஸ். நண்பகலில் 5 அல்லது 6 அவுன்ஸ் மீனோ இறைச்சியோ, உருளைக்கிழங்கு ஒழிந்த காய்கறி, சிறிதளவு வாட்டிய ரொட்டி. மாலையில் சிறிது பழமும் தேநீரும். இரவில் 3 அல்லது 4 அவுன்ஸ் இறைச்சியோ மீனோ. இவற்றோடு அந்நாட்டு வழக்கப்படி திராட்சை மதுவும் அளவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அப்பகுதியை நாம் பின்பற்ற வேண்டுவதின்று.

பயன் வியக்கத்தக்கது. ஓராண்டு நிரம்பியபோது பாண்டிங்கின் எடை 156 இராத்தலாயிற்று. குறைந்தது 46 இராத்தல். இடையின் சுற்றளவு 12 அங்குலத்திற்கு மேற் சுருங்கிற்று. வாரத்திற்கு ஓர் இராத்தலினும் சிறிது குறைவாகவே எடை இறங்கிற்றென்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர் படிகளில் நேராக இறங்கினர். செவியும் தெளிவாகக் கேட்டது.

மடலும் அதன் வரவேற்பும்

தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறுதல் வேண்டுமென விழைந்து, பாண்டிங் 1863-இல் 'உடற்பருமனைக் குறித்துப் பொதுமக்களுக்கு வரைந்த மடல்' என்னும் பொருள்படும் சிறு நூலொன்றைத் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினர். விருப்பம் மிகுதிப்படவே பின்னர் விலைக்கும் வெளியிடப்பட்டுப் பல பதிப்புக்களைக் கண்டது. இளமையில் நன்மை பயக்கும் சில உணவுகள் முதுமையில் தீங்கு பயக்கும் என்பதற்கு, புல்லும் தானியமும் உண்ணும் குதிரைக்கு இடும் அவரையை அவர் உவமையாகக் காட்டியுள்ளார்.

பாண்டிங்கின் பெயர் ஆங்கிலத்தில் உணவு சுருக்கி மெலிதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆயிற்று. சுவீடன் நாட்டு மொழியிலோ 'பன்டா' என்னும் அச்சொல் இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. ஒருவரின் பெயர் வினையடியாகி வேற்று மொழியிலும் நிலைபெறுதல் சொல்லாராய்ச்சி பயில்வார்க்கு இனியதொரு செய்தியாம். மற்றொருபுறம் செய்தித்தாள்கள் நகையாடின. மருத்துவருட் சிலர், மருத்துவம் கல்லாத ஒருவர் மருத்துவ நூல் எழுதுவதோ எனச் சினந்தனர். பாண்டிங் தம் முறையைக் கைவிடாது, 81 ஆண்டு வாழ்ந்து 1878-இல் மறைந்தனர்.

காரணம் யாது?

இனி, ஹார்வி கூறிய காரணம் பொருந்துமா என ஆராய்வோம். விலக்கப்பட்ட ஆறனுள் வெண்ணெயும் ஒன்று. வெண்ணெய் ஏறக்குறைய முழுதும் கொழுப்பே. அதில் மாப்பொருள் இல்லையெனலாம். பன்றியிறைச்சியும் சால்மன் மீனும் அட்டவணையில் விலக்கப்பட்டிருந்தன; அவற்றிலும் மாப்பொருள் இல்லை, கொழுப்பே மிகுதி. ஆகவே பாண்டிங் குறைத்தது மாப்பொருளை மட்டுமன்று. கொழுப்பையும் உடன் குறைத்தனர்.

அவர் முன்னர் உண்டதனையும் நோக்குக. பாலிலூறிய ரொட்டி, பாலும் சர்க்கரையும் மிக்க தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி, இறைச்சியோடு ரொட்டியும் பீரும் மாவுப் பண்டங்களும் என நாள் முழுதும் இவையே அவருக்கு உணவாயிருந்தன. இவற்றை நீக்கி, எடையிட்ட சில அவுன்ஸ் உணவை மேற்கொள்ளும் ஒருவர், மொத்தத்திற் பெறும் ஆற்றலும் பெரிதும் குறைந்திருத்தல் ஒருதலை. உடல் செலவிடும் ஆற்றலினும் உட்கொள்ளும் ஆற்றல் குறையின், சேமித்த கொழுப்பு கரையும். அற்றேல் பசி வருத்தாதோ எனின், புரதம் மிக்க உணவு நெடுநேரம் பசியை ஆற்றுவதாகலின் அத்துணை வருத்தாது. ரொட்டியும் பண்டமும் பீரும் ஒழிந்தவிடத்து, பசியின்றியும் தின்னத் தூண்டும் பொருள்களும் ஒழிகின்றன. பாண்டிங் தாம் குறைவாக உண்டதை உணராமலே குறைவாக உண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது.

மற்றொரு நுட்பமும் உண்டு. பெர்னார் கண்ட கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ளது. அது தனித்திராது, ஒரு பங்கு கிளைக்கோசனோடு ஏறக்குறைய மூன்று பங்கு நீர் சேர்ந்திருக்கும். மாப்பொருளைத் திடீரெனக் குறைப்பவர்க்கு முதலில் இச்சேமிப்புச் செலவாகின்றது. அதனோடு நீரும் வெளியேறுகின்றது. ஆதலின் முதல் வாரத்தில் எடை விரைந்து இறங்கும். இறங்கிய எடையிற் பெரும்பகுதி நீரே என அறியாதார் கொழுப்பே கரைந்ததென மகிழ்வர்; பின்னர் இறக்கம் மெதுவாகும்போது மனந்தளர்ந்து முறையைக் கைவிடுவர்.

பிற்காலத்து ஆய்வுகள்

1921-இல் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பணியில் தலைநின்ற பிரெடரிக் பாண்டிங், நம் முதியவரின் தூரத்து உறவினர் என்பர். மாப்பொருளை உண்ணும்போது குருதியில் இன்சுலின் மிகுகின்றது. அது கொழுப்பின் கரைவைத் தடுக்கின்றது. இதனைக் கொண்டு, மாப்பொருளே பருமனுக்குத் தனிக்காரணம் எனச் சிலர் வாதித்தனர். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்சு எழுதிய நூல் இம்முறையை மீண்டும் எங்கும் பரப்பிற்று.

கொள்கைகள் பலவாயின், அவற்றை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் யாது? பலரை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடுதலே. 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகளில், மாப்பொருளைக் குறைத்தோர் ஆறு மாதங்களில், கொழுப்பைக் குறைத்தோரினும் மிகுதியாக மெலிந்தனர். ஆனால் ஓராண்டு கழிந்தபோது அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. 2018-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மாப்பொருளைச் சுருக்கியோர் சராசரியாக 6.0 கிலோகிராமும், கொழுப்பைச் சுருக்கியோர் 5.3 கிலோகிராமும் குறைந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று என்பது அவர்தம் முடிபு. இரு குழுவினர்க்கும் பொதுவாகக் கூறப்பட்ட அறிவுரை ஒன்றுண்டு. சர்க்கரையையும் தீட்டிய மாவையும் நீக்குக, காய்கறிகளை மிகுதியாக உண்க என்பதே அது. ஒரே குழுவினுள்ளேயே சிலர் மிக மெலிந்தனர், சிலர் பருத்தும் போயினர். அனைவர்க்கும் ஒத்த ஒரே முறை இன்றென்பதும் இதனாற் பெறப்படும்.

நாம் கொள்ளத்தக்கன

மாப்பொருட் சுருக்கம் பொய்ம்முறை அன்று. உடல் மெலிதற்கு உரிய நல்வழிகளுள் ஒன்று. ஆனால் அதுவே ஒருவழி என்பது மிகை. எம்முறையை ஒருவர் வெறுப்பின்றி நெடுநாள் கைக்கொள்ள இயலுமோ அம்முறையே அவர்க்குச் சிறந்தது.

சோற்றையே பெரும்பங்காக உண்ணும் நாம் பாண்டிங்கின் அட்டவணையை எழுத்தெழுத்தாகப் பின்பற்றவேண்டுவதில்லை. அவர் இறைச்சி உண்டது அவர் நாட்டு வழக்கத்தால். நம் இலையிற் சோற்றின் பங்கைச் சுருக்கி, பருப்பு, பயறு, கீரை, காய், முட்டை, மீன் ஆகியவற்றின் பங்கைப் பெருக்கி, காப்பியிலும் தேநீரிலும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வதே அவர் கூறியதன் கருத்தாகும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேளாது மாப்பொருளைத் திடீரெனக் குறைத்தல் ஆகாது. குருதியிற் சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து உயிர்க்கே இடர் நேரும். சிறுநீரக நோயாளர், கருவுற்றோர், வளரும் பருவத்தினர் ஆகியோர்க்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

பாண்டிங்கிடம் நாம் கற்கவேண்டுவன அவர்தம் உணவுப் பட்டியலினும் மேலானவை. தம் எடையையும் இடையையும் அளந்து உள்ளவாறே எழுதினர். பயன் தாராத முறைகளையும் மறையாது கூறினர். பெற்ற நலத்தைப் பிறர்க்கும் கைம்மாறு கருதாது வழங்கினர். இம்மூன்றும் அறிவுக்கும் அறத்துக்கும் பொதுவாய பண்புகள். அவர் கண்ட பயன் மெய். அதற்குக் கூறப்பட்ட காரணம் முழு மெய் அன்று. பயனை நன்றியோடு ஏற்றுக்கொள்வதும், காரணத்தை அஞ்சாது ஆராய்வதும் கல்லூரியிற் பயிலும் நம்மனோர்க்கு ஒருங்கே உரிய கடமைகளாம்.